சாவிக்கொத்துச் சத்தம்

நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னதும் மைதானம், ஆண்டு விழா என்று இனிப்பான நினைவுகளைத்தான் தேடினேன். காதில் முதலில் கேட்டதோ ஒரு சாவிக்கொத்தின் சத்தம்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஒருவர் இடுப்பில் சாவிக்கொத்தோடு வருவார். வராந்தாவின் மறுகோடியில் அது கலகலக்கும்போதே வகுப்பு அடங்கிவிடும். பிரம்படி யாருக்கு, எதற்கு என்று தெரியாது. சத்தம் மட்டும் தவறாமல் முன்னால் வரும். நான் உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொள்வேன்.

வெளிநாடு வந்து 20 ஆண்டு கழிந்தும், அலுவலகக் காவலாளி சாவியோடு நடந்தால் கைகள் தாமாகவே தொடைக்கு அடியில் போயின. "குளிருதா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்ட அன்றுதான் நானே கவனித்தேன். அப்புறம் ஒரு உளவியல் சிகிச்சையாளரிடம் போனேன்.

முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றிச் சொன்னார். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் எழுதியது. பிடித்த தின்பண்டத்தை அவன் சாப்பிடும்போது, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். எனக்கும் ஏறக்குறைய அதே வழிதான். முதலில் சாவிக்கொத்து மேசையில் சும்மா கிடந்தது. பிறகு அவர் அதைக் கையில் எடுத்தார். பிறகு வெளியே போய், அதை ஆட்டிக்கொண்டே கதவை நோக்கி நடந்து வந்தார். நான் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருக்க வேண்டும். நெஞ்சு படபடக்கும், விரல் நுனி வியர்க்கும். எழுந்து ஓடாமல் இருந்தால் பயம் ஏறிய வழியே இறங்கியது.

சில மாதங்களில் தேறினேன். வீடு மாறினேன். புது மாடிப்படியில் யாரோ சாவியை ஆட்ட, கை பழைய இடத்துக்கே போனது. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சிகிச்சையாளர் பதறவில்லை. இன்னொரு கதை சொன்னார். அதே 1924இல் ரஷ்யாவின் லெனின்கிராட் நகர வெள்ளத்தில், விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் மூழ்கப் பார்த்தன. பிறகு தேறிய ஒரு நாய், கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதுமே மறுபடி நிலைகுலைந்ததாம். பழைய பாடம் அழிவதில்லை, அதன்மேல் புதுப் பாடம் படிகிறது என்றார் அவர். புதுப் பாடம், படித்த இடத்தில் உடனே நினைவுக்கு வரும். வேறு இடத்தில் தடுமாறும். சரி, இடம் மாற்றி மாற்றிப் பழகினேன். மாடிப்படி, லிஃப்ட், வாகன நிறுத்தம்.

"அடி வாங்கியதால்தான் உருப்பட்டோம்" என்று நம் ஒன்றுகூடல்களில் சிலர் சொல்கிறார்கள். என்னால் அதற்குத் தலையாட்ட முடியாது. அன்று எனக்குத் துணையாக இருந்தது, பெஞ்சுக்குக் கீழே என் வீங்கிய கையில் தன் தண்ணீர் பாட்டிலை வைத்து, மணி அடிக்கும்வரை அழுத்திப் பிடித்திருந்த ஒருவன். இந்த மலர் அவனுக்கும் போகும். டேய், அந்தக் கை இப்போது மேசைமேல்தான் இருக்கிறது.