பாயிண்ட் எல்லாம் கல்லாறு வரைக்கும்தான்

‘உங்கள் பயண அனுபவத்தை மேலும் சிறப்பாக்கும் வகையில்...’ என்று பேங்க்கிலிருந்து மெயில் வந்தால் எதையோ பிடுங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். நீலகிரி போவதென்று முடிவு செய்து, ஆபீஸில் லீவும் சொல்லிவிட்ட நேரத்தில் அப்படி ஒரு மெயில் வந்து விழுந்தது. நான் குறி வைத்திருந்த ஹோட்டல் குழுமத்துக்கு என் கிரெடிட் கார்டு பாயிண்ட்டை மாற்றினால் அடுத்த மாதத்திலிருந்து பாதிதான் கிடைக்குமாம். இன்னொரு ஏர்லைன் பட்டியலிலேயே இல்லை. பேங்க் பேரெல்லாம் எதற்கு, விடுங்கள்.

இந்த ஆட்டம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்டில் செலவழித்தால் பாயிண்ட் சேரும். அதைக் காசாகக் கேட்டால் பேங்க் சில்லறைதான் தரும். அதையே ஒரு விமான நிறுவனத்தின் மைல்களாகவோ ஹோட்டல் குழுமத்தின் பாயிண்ட்டாகவோ மாற்றினால் மதிப்பு கூடும். இந்த மாற்றத்துக்குப் பேங்க்கோடு கைகோத்திருப்பவர்கள்தான் ட்ரான்ஸ்ஃபர் பார்ட்னர்கள். ஒரு முறை மாற்றிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. கைகோத்தவர்கள் எப்போது கையை உதறுவார்கள் என்பதும் நம் கையில் இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் ஒரு காலத்தில் 5 பாயிண்ட்டுக்கு 4 மைல். 2023 செப்டம்பர் 1 முதல் 5-க்கு 2. ஐம்பதாயிரம் பாயிண்ட் வைத்திருந்தவருக்கு நாற்பதாயிரம் மைல் வர வேண்டிய இடத்தில் ஒரே ராத்திரியில் இருபதாயிரம் ஆனது. வருடத்துக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்ற உச்சவரம்பும், 2024 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் 199 ரூபாய், மேலே ஜிஎஸ்டி என்ற கட்டணமும் அப்புறம் வந்து சேர்ந்தன. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு கலந்ததில் கிளப் விஸ்தாரா என்ற மைல் கணக்கே மறைந்து, இப்போது எல்லாம் மகாராஜா கிளப். மேரியட் ஹோட்டல்காரர்கள் ஓர் இரவுக்கு இத்தனை பாயிண்ட் என்று வைத்திருந்த அட்டவணையை 2022-லேயே தூக்கிவிட்டார்கள். ரூம் வாடகை ஏறினால் பாயிண்ட்டும் ஏறும். சீசனில் ஊட்டிப் பக்கம் ரூம் வாடகை எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியாததா?

விகிதம் குறைவதற்குள் அவசரமாக மாற்றிவிடலாமா என்று ஆப்பைத் திறந்தேன். ஊட்டி என்று அடித்தால் எனக்கு வந்த முடிவு கோயம்புத்தூர். அதுவும் அவிநாசி ரோட்டில் நீலாம்பூர். நீலாம்பூரில் படுத்துக்கொண்டு நீலகிரியைப் பார்க்கவா?

“ஏங்க, ஃபிரிட்ஜ் வாங்கப் போனாக்கூட இந்தக் கார்டுல போடு, அந்தக் கார்டுல போடுன்னு என்னைக் கடை வாசல்ல நிக்க வச்சீங்களே, அதெல்லாம் இதுக்குத்தானா?” என்றாள் மனைவி. பதில் சொல்லாமல் ரயில் டிக்கெட் பார்க்கப் போனேன்.

அங்கேதான் முதல் நல்ல விஷயம். என்னிடம் ஓர் ஐஆர்சிடிசி எஸ்பிஐ கார்டும் உண்டு. பெருமையாக வெளியே எடுத்துக் காட்டுகிற கார்டு இல்லை. ஏர்போர்ட் லவுஞ்சில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய், டிக்கெட் போடும்போதே கழித்துக்கொள்ளலாம். பார்ட்னரும் இல்லை, விகிதமும் இல்லை. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரண்டு பேருக்கும் ஏசி டிக்கெட் பாயிண்ட்டிலேயே முடிந்தது. ராத்திரி ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். தூங்கினோம், இறங்கினோம்.

மலை ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. 7.10-க்குக் கிளம்பும் அந்த ரயிலை நடைமேடையில் நின்று பார்த்து ஏங்கியதோடு சரி. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும், 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரயில். உலகமே வருகிறது, பெட்டியோ நான்கைந்துதான்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு கார்க்காரர் பிடித்துக்கொண்டார். குன்னூருக்கு மூவாயிரம் கேட்டார். ரயில் கிடைக்காத முகங்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். “ரெண்டாயிரத்துக்கு வர்றீங்களாண்ணே?” என்றேன். யோசித்துவிட்டு, “சரி சார், இ-பாஸுக்கு மட்டும் தனியா முந்நூறு குடுத்துருங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. 2024 மே 7 முதல் ஹைகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், உண்மைதான். ஆனால் அதற்குக் காசே கிடையாது. போனில் நம்பரைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். “அது ஃப்ரீதானேண்ணே” என்றதும், “கோர்ட்டு ஃப்ரீன்னு சொல்லும் சார், எனக்கு நெட்டு ஃப்ரீயா?” என்று சிரித்தார். பதில் பிடித்திருந்தது. முந்நூறு ரூபாய்க்குப் பிடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அரசு பஸ்ஸுக்கு இ-பாஸும் கிடையாது.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சீட்டுக்கு மட்டும் ஜன்னல் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. பர்லியார் தாண்டியதும் மழை பிடித்தது. மனைவி துப்பட்டாவால் ஒரு பக்கமும் நான் என் பையால் மறுபக்கமும் அடைத்துக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன் சீட்டுக் கம்பி நெஞ்சில் இடித்தது. பின்னால் ஒரு பையன் வாந்தி எடுக்க, அவன் அம்மா கண்டக்டரைத் திட்ட, கண்டக்டர் டிரைவரைத் திட்ட, டிரைவர் யாரையும் கண்டுகொள்ளாமல் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கார்க்காரருக்குக் கொடுக்காமல் மிச்சமான காசை நினைத்தே ஈரத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ஓடும் துண்டு ரயில் கிடைத்தது. ஊட்டியில் கூட்டம். பூங்கா, படகு இல்லம் பற்றியெல்லாம் நான் எழுதி நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

சவாய் ஹோட்டல் மட்டும் சொல்கிறேன். ஊட்டியில் சவாய், குன்னூரில் கேட்வே, இரண்டும் தாஜ் குழுமத்துடையவை. டாடா நியூ ஹெச்டிஎஃப்சி கார்டில் சேரும் நியூகாயின் அங்கே செல்லும், ஒரு காயின் ஒரு ரூபாய். வருடம் முழுக்கப் பிக்பாஸ்கெட்டில் வாங்கிய அரிசி பருப்பெல்லாம் காயினாக உட்கார்ந்திருந்தது. ஓர் இரவு வாடகையைப் பார்த்தேன், நாகரிகமாக ஆப்பை மூடினேன். மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டோம். பில் காயினில் போனது. பழைய காட்டேஜ்கள், வெட்டி விட்ட புல்வெளி, வெள்ளைக்காரன் காலத்து அமைதி. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. என் சொந்தக் காசில் அந்த பில்லைக் கட்டியிருப்பேனா? மாட்டேன்.

சாப்பாடு என்றால் கோத்தகிரியில் சாப்பிட்டது. ஒரு படுகர் குடும்பம் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறது, அங்கே தங்கினோம். ராத்திரி அந்தம்மா “குளிருதுல்ல தம்பி, இங்கேயே வந்து உக்காருங்க” என்று அடுப்படியிலேயே இலை போட்டார். சூடான ராகிக் களி, கூடவே அவரை உதக்க. அவர்களே இடித்த மசாலாப் பொடி போட்டுக் கெட்டியாக வைத்த அவரைக்கொட்டைக் குழம்பு. காரம் முதலில் தெரியாது, மூன்றாவது வாய்க்கு மேல் காதுமடல் சூடாகும். களியைக் குழித்து அதில் குழம்பை ஊற்றி, மேலே நெய் விட்டார்கள். “மெல்லாதீங்க, முழுங்கணும்” என்று சொல்லிக் கொடுத்தார். மனைவி இரண்டாவது உருண்டை கேட்டாள். வீட்டில் ராகி என்றாலே முகம் சுளிப்பவள்! கடைசியில் மொறுமொறுவென்று துப்பதிட்டு என்ற இனிப்பு. இரண்டு பேர் சாப்பாட்டுக்கு அவர்கள் வாங்கிய காசைச் சொன்னால் சவாய் பில் வெட்கப்படும்.

காசு கொடுக்கும்போது இன்னொரு கூத்து. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யோடு இணைத்திருந்தேன், இங்கேயும் கொஞ்சம் காயின் தேற்றலாம் என்று ஆசை. அந்தம்மாவின் க்யூஆர் அவருடைய சொந்த நம்பருக்கானது. கிரெடிட் கார்டு போகவே போகாது, கடைக்கென்று எடுத்த க்யூஆருக்குத்தான் போகும். “என்ன தம்பி, சுத்திக்கிட்டே இருக்குது?” என்று என் போனை எட்டிப் பார்த்தார். சேவிங்ஸ் கணக்கிலிருந்து அனுப்பினேன். மறுநாள் பஜாரில் வர்க்கி வாங்கிய கடையில் மட்டும் கார்டு போனது.

ஆக, மலைக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ட்ரான்ஸ்ஃபர் பார்ட்னர் கணக்கை சிங்கப்பூர், லண்டன் போகிறவர்களிடம் விட்டுவிடுங்கள். நமக்கு ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய் என்று நேரடியாகக் கழிகிற கார்டு போதும். பார்ட்னர் பாயிண்ட் ஏற்கெனவே குவிந்து கிடந்தால், ரூம் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள். ‘எப்பவாவது உதவும்’ என்று முன்கூட்டி மாற்றி வைப்பதுதான் பெரிய நஷ்டம். மேரியட் கணக்கில் 24 மாதம் அசைவே இல்லாவிட்டால் பாயிண்ட் காலாவதி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மைலுக்கு 36 மாதம்தான் ஆயுள்.

என் பேங்க்கில் மிச்சமிருந்த பாயிண்ட்டைப் பாதி விகிதத்துக்கு மாற்ற மனம் வரவில்லை. அதே பேங்க் தளத்தில் வவுச்சராக எடுத்து, ஊருக்கு வந்ததும் மளிகை வாங்கிவிட்டேன். இரண்டும் நஷ்டம்தான், இதில் மிளகாய்த் தூளாவது வந்தது.

மலை ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, காலை 8 மணிக்கு. ஐஆர்சிடிசி பாயிண்ட் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. இந்தத் தடவை 7.55-க்கே லாகின் பண்ணி உட்கார்ந்துவிடுவதாக உத்தேசம், மனைவியின் போனிலும் சேர்த்து.