சம்ப் தண்ணீர், சீட் கூரை, சுவரோரக் குப்பை: ஒரு அரசுப் பள்ளிக்காக அலைந்த அனுபவம்

எங்கள் பள்ளிக்கு மரக்கன்று வேண்டும் என்று கேட்டிருந்தால் உடனே கிடைத்திருக்கும். வண்டியில் கொண்டுவந்து இறக்கி, குழி தோண்டி நட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர்தானா என்று தெரிய வேண்டும். மதியச் சாப்பாடு போடுகிற ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை மாற்ற வேண்டும். காம்பவுண்டுச் சுவரோரம் சேருகிற குப்பைக்கு யாரோ தீ வைக்க, புகை வகுப்புக்குள் வருவது நிற்க வேண்டும்.

நாங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரம் பக்கம். மகள் அரசுப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். அங்கே படிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வீட்டில் தமிழ்தான். நான் பீன்யாவில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியின் எஸ்.டி.எம்.சி.யில், அதாவது பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் கமிட்டியில், பெற்றோர் சார்பில் உறுப்பினர். தலைவர் ஒரு கன்னடக்கார அண்ணா, பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். செயலாளர் தலைமை ஆசிரியை, எச்.எம். மேடம். சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்கத்தான் இந்தக் கமிட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவே இப்படி ஒரு கமிட்டி வேண்டும் என்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது கணக்கு.

எங்களுக்கு முன்னால் இருந்த கமிட்டி கொடுத்த அர்ஜி (மனு) ஒன்றின் நகல் ஆபீஸ் ரூம் பீரோவில் கிடைத்தது. பள்ளிச் சூழலை ஆரோக்கியமாக்க உதவி கோரி எழுதியது. ஒரே தாளில் தண்ணீர், கூரை, குப்பை, கொசு, எதிர்ப் பெட்டிக்கடையின் பீடி வியாபாரம் வரை எல்லாம் இருந்தது. வந்த பதிலையும் அதோடு பின் பண்ணி வைத்திருந்தார்கள். தகுந்த நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டதாம். அது எந்தத் துறை என்று அதில் இல்லை. எப்படி இருக்கும்? தண்ணீர் ஒருவரிடம், கூரை இன்னொருவரிடம், குப்பை மூன்றாமவரிடம். கணக்கு எழுதுகிற எனக்கு இது புதிதில்லை. எந்த ஹெட்டில் (கணக்குத் தலைப்பில்) போடுவது என்று தெரியாத பில் மேஜையிலேயேதான் கிடக்கும். ஆரோக்கியமான பள்ளிச் சூழல் என்று ஒரு ஹெட் எந்த ஆபீசிலும் இல்லை. ஆகவே ஒரு அர்ஜியில் ஒரே விஷயம், அதுவும் அந்த வேலை யாருடையதோ அவர் பெயருக்கு என்று கமிட்டியில் முடிவு செய்தோம்.

எல்லாம் கன்னடத்தில்தான். பேசக் கன்னடம் வரும், அர்ஜி எழுதுகிற அளவுக்கு வராது. தலைவர் அண்ணாவின் மகள் பி.காம். படிக்கிறாள், அவள்தான் எழுதித் தந்தாள். ஆபீசில் கடிதம் வாங்குகிற டப்பால் செக்ஷனில் கொடுத்துவிட்டு நம் நகலில் சீலும் இன்வர்டு நம்பரும் (வரவுப் பதிவு எண்) போட்டு வாங்காமல் அங்கிருந்து நகரக்கூடாது. இன்வர்டு நம்பர் இல்லாத அர்ஜியைக் கொடுக்காத அர்ஜியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கல்வி ஆபீசில் பைல்களைக் கவனிக்கிற கேஸ் ஒர்க்கர் ஒருவர் இருந்தார். ரிட்டயராகப் போகிற வயது, சலிப்பாகப் பேசினாலும் நல்ல மனிதர். எங்கள் தாளைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “பாருங்கம்மா, உங்க ஸ்கூல்ல எல்லாம் சரியா இருக்குன்னு நீங்களே போட்டிருக்கீங்க. குடிநீர் இருக்கு, டாய்லெட் வேலை செய்யுது, தண்ணி லேப்ல டெஸ்ட் ஆயிருக்கு. அப்புறம் நான் எதுக்குக் காசு கேட்டு மேல எழுதறது?”

அவர் காட்டியது யூடைஸ் பிளஸ், பள்ளி விவரங்களைப் பதிகிற அரசுக் கணக்கெடுப்பு. நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. வருஷா வருஷம் கட்டிடம், கழிப்பறை, தண்ணீர், ஆசிரியர் எல்லாவற்றையும் பள்ளியே நிரப்பிக் கொடுக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு, எதற்கு என்று மேலே முடிவாவது இதைப் பார்த்துத்தான். எங்கள் பள்ளியில் யாரோ எந்தக் காலத்திலோ எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டிருக்கிறார்கள். அதையே ஆண்டுதோறும் நகல் எடுத்திருக்கிறார்கள்.

இதில் எச்.எம். மேடத்தின் சங்கடம் எங்களுக்குப் புரிந்தது. ‘இல்லை’ என்று போட்டால் ஏன் இல்லை, போன வருஷம் இருந்ததே என்று அவரிடம்தான் விளக்கம் கேட்பார்கள். தலைமை ஆசிரியரை மாட்டிவிட்டுவிட்டு எந்தக் காரியமும் நடக்காது என்பது என் அபிப்பிராயம். பேப்பர்காரரைக் கூப்பிடலாம் என்று ஒரு அப்பா சொன்னபோது நான் வேண்டாம் என்றதும் அதனால்தான். கமிட்டியைக் கூட்டி மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் எழுதினோம்: தண்ணீரைச் சோதித்ததற்கான அறிக்கை பள்ளியில் இல்லை, உறுப்பினர்கள் நேரில் பார்த்தார்கள், வரும் யூடைஸில் உள்ளபடி பதிய வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். இப்போது மேடம் சொல்வதற்கு ஒரு ஆதாரம் இருந்தது, கமிட்டி தீர்மானம் சார் என்று. அந்த நகலைப் பார்த்த பிறகு கேஸ் ஒர்க்கரும் எங்கள் பைலைக் கையில் எடுத்தார்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்ற பள்ளிகளுக்கு உதவும். வேண்டியது இரண்டு சோதனை. ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தருகிற ஸ்டெரிலைஸ் பண்ணின பாட்டில்தான் வேண்டும். அதன் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் இருக்கும். அழுக்கு என்று கழுவிவிடக்கூடாது, தண்ணீரில் உள்ள குளோரினை முறிக்கப் போட்டது அது. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, விரல் படாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நாங்கள் ஆட்டோவில் தெர்மாகோல் பெட்டியோடு போனதைப் பார்த்து டிரைவர் அண்ணா மீனா என்று கேட்டார்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி 100 மில்லி தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டும் இ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. எங்கள் குழாய்த் தண்ணீரில் இருந்தது. உப்பு, நைட்ரேட் போன்றவை வரம்புக்குள்தான்.

அறிக்கை கையில் வந்ததும் உடனே தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. மெஷின் வாங்கிவிடலாம் என்றார்கள். நன்கொடையாகத் தர ஒரு கம்பெனியும் தயார். தலைவர் அண்ணாதான் கிருமி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம் என்றார். குடிநீர் வாரிய லைன்மேனைக் கூப்பிட்டோம். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விடுவார், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். தெருவிலிருந்து மீட்டருக்கு வருகிற காவிரித் தண்ணீர் நல்ல மஞ்சள். பிள்ளைகள் குடிக்கிற குழாயில் பிடித்ததோ நிறமே மாறவில்லை. தெருவில் வந்த குளோரின் பள்ளிக்குள் காணாமல் போகிறது. நடுவில் இருப்பது சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, மட்டும்தான். மூடியைத் தூக்கிப் பார்த்தோம். விளிம்பு தரை மட்டத்துக்கே இருந்தது, ஒரு பக்கம் சிமெண்ட் உதிர்ந்திருந்தது, இரண்டடியில் கை கழுவுகிற தொட்டியின் சாக்கடை. மழை பெய்தால் எல்லாம் உள்ளேதான். ஆர்.ஓ. வைத்திருந்தால் பில்டர் மாற்றக் காசில்லாமல் அடுத்த வருஷமே மூலையில் கிடந்திருக்கும். சம்ப் அப்படியே இருந்திருக்கும்.

காசு எங்கே? புதிதாக எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் காம்போசிட் ஸ்கூல் கிராண்ட் என்று ஆண்டுதோறும் ஒரு தொகை உண்டு. 100க்கு மேல் 250 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய் என்பது விதி. அதில் குறைந்தது 10 சதவீதம் சுத்தம் சுகாதாரத்துக்கென்றே செலவு செய்ய வேண்டும். முன்னெல்லாம் கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் இதைத் தின்றுவிடும். 2023 நவம்பர் 1, கர்நாடகம் உருவான நாளான ராஜ்யோத்சவத்தன்று, அரசுப் பள்ளிகளுக்கு மின்சாரமும் தண்ணீரும் இலவசம் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதனால் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. சம்ப் விளிம்பை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டி, இரும்பு மூடியும் பூட்டும் போட்டு, சாக்கடையைத் திருப்பி, பிளீச்சிங் போட்டுக் கழுவினோம். மறுபடி எடுத்த சோதனையில் இ.கோலை இல்லை. ஆர்.ஓ. தர வந்த கம்பெனியிடம், அதற்குப் பதில் வருஷத்துக்கு இரண்டு தடவை சோதனைச் செலவை ஏற்றுக்கொள்ளச் சொன்னோம். அதில் பெயர் எழுதி மாட்ட இடமில்லையே என்று அவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள்.

குப்பை சுலபமாக முடிந்தது. குப்பையை எரிப்பது சட்டப்படி தடை என்று போர்டு வைக்கலாம், யார் படிப்பது? பள்ளிச் சுவர் பிளாக் ஸ்பாட் (குப்பை கொட்டுகிற இடம்) ஆனதற்குக் காரணம், எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் கார்மெண்ட்ஸுக்குக் காலையிலேயே கிளம்புகிறவர்கள், குப்பை எடுக்கிற ஆட்டோ டிப்பர் அதற்கப்புறம் வருகிறது. கையில் பையோடு அவர்கள் என்னதான் செய்வார்கள்? பௌரகார்மிகர்களின் (துப்புரவுப் பணியாளர்களின்) மேஸ்திரியிடம் பேசினோம். “வண்டி நேரத்தை மாத்தினா நின்னுடும்மா, ஆனா அதை நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் நான் மேல சொல்ல முடியும்” என்றார். எழுதிக் கொடுத்தோம். வண்டி காலையில் முதலில் எங்கள் தெருவுக்கு வருவதாக மாறியது. இடையில் சுவரோரம் பெரிய ரங்கோலி போட்டோம், ஊர் முழுக்கச் செய்கிறார்களே என்று. அழகாகத்தான் இருந்தது, அதன் மேலேயே பை விழுந்தது. நின்றது வண்டி நேரம் மாறியதில்தான். சருகை எரிப்பது மட்டும் இன்னும் அவ்வப்போது நடக்கிறது.

கூரைதான் பெரிய வேலை. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் சீட்டை இந்தியாவில் இன்றும் கடையில் வாங்கலாம், தடை கிடையாது. அதனால் எந்த ஆபீசில் போய் இது கெடுதல் என்றாலும், எங்க வீட்டிலேயே இருக்கே என்பார்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. முழுசாக, பெயிண்ட் அடித்து இருக்கிற சீட்டில் ஆபத்து குறைவு. விரிசல் விட்டு, உதிர்ந்து, ஆணி அடிக்கத் துளை போட்டால்தான் நார் காற்றில் கலக்கும். மூச்சில் போனால் நோய் தெரிய இருபது முப்பது வருஷம்கூட ஆகலாம். எங்கள் ஷெட்டில் குரங்கு குதித்து உடைத்த இரண்டு சீட்டுக்குக் கீழேதான் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தார்கள். முதல் வேலையாக அந்தப் பக்கம் உட்கார வைப்பதை நிறுத்தினோம்.

கூரைக்குக் காம்போசிட் கிராண்ட் போதாது. இங்கேதான் கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கைகொடுத்தது. கமிட்டி தயாரிக்கிற பள்ளி வளர்ச்சித் திட்டம்தான் அரசு நிதி ஒதுக்கீட்டுக்கு அடிப்படை என்று அதில் இருக்கிறது. நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பருக்குள், திட்டம் போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் கொண்டுபோனால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான். நாங்கள் கூரையை முதல் வரியாகப் போட்டு, உடைந்த சீட்டின் போட்டோவை ஒட்டி, தீர்மான நகலோடு கொடுத்தோம். கேஸ் ஒர்க்கரே ஒரு யோசனை சொன்னார்: துறை நிதிக்குக் காத்திருக்கிற நேரத்தில் எம்.எல்.ஏ. நிதிக்கும் எழுதுங்கள். கர்நாடகத்தில் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 2 கோடி தொகுதி நிதி உண்டு.

எம்.எல்.ஏ. நிதிக்குக் கேட்டது எஸ்டிமேட், கல்வி ஆபீஸ் கடிதம், அப்புறம் பள்ளி இடத்தின் கட்டா, அதாவது இடம் யார் பெயரில் என்று காட்டும் சொத்துப் பதிவு. மூன்றாவதில் மாட்டிக்கொண்டோம். பழைய பள்ளி, இடம் யார் பெயரில் என்று யாருக்கும் தெரியவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். கர்நாடகத்தில் அந்த மனு 150 வார்த்தைக்குள், ஒரே விஷயமாக இருக்க வேண்டும், கட்டணம் 10 ரூபாய். பதில் வந்தபோதுதான் இடம் கல்வித் துறை பெயரில் பதிவாகியே இருப்பது தெரிந்தது. நகலை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இப்போது எஸ்டிமேட் பாஸாகி, கோடை விடுமுறையில் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய சீட்டை நனைத்து, உடைக்காமல் போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும், பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றித் தனியாகக் கொண்டுபோக வேண்டும், கட்டிட இடிபாட்டோடு மைதானத்தில் கொட்டக்கூடாது என்று ஒர்க் ஆர்டரிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கமிட்டி எழுதியிருக்கிறது. கான்ட்ராக்டர், “சுத்தியால தட்டினா அரை நாள்ல இறங்கிடும் மேடம், இதுக்கெல்லாம் தனி ரேட்” என்கிறார். இன்ஜினியர் அந்த ரேட்டையும் எஸ்டிமேட்டில் சேர்க்க முடியுமா என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அது எழுத்தில் வருகிற வரைக்கும் ஷெட் சாவி எச்.எம். மேடத்திடமே இருக்கட்டும் என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.