ஓதிய தண்ணீர்

சென்னை மண்ணடியில் மக்ரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வெளியே வழக்கமான வரிசை. கைக்குழந்தைகள், தண்ணீர் பாட்டில்கள். பாதிப் பேர் நெற்றியில் குங்குமம். (இந்த ஊருக்கே உள்ள அழகு இது.)

எனக்கு முன்னால் ஒரு அம்மா. பக்கத்தில் இருபது வயதுப் பையன், யாரோடோ பேசுவதுபோல முணுமுணுத்துக்கொண்டே.

பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் ஓதி அவன் தலையில் ஊதினார். பாட்டிலிலும் ஊதினார். அந்தம்மா மூடியைத் திருகும்போது ஹஜ்ரத் கேட்டார்:

"மாத்திரை ஒழுங்கா போடுறானாம்மா?"

"நிறுத்திட்டேன் ஹஜ்ரத். ஜின்னுக்கு மருந்து எதுக்குன்னு சொன்னாங்க..."

"யாரும்மா சொன்னது? நாளைக்கே கீழ்ப்பாக்கம் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் குடுக்கிறதை இந்தத் தண்ணியிலயே போடட்டும்."

எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்தது. 2001 ஆகஸ்ட் 6. தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகத்தில் தீ. 28 பேர் செத்தார்கள். காலில் சங்கிலி, எப்படி ஓடுவது? அப்புறம் பல வருடம் கழித்துத்தான் அதே தர்காவில் துவாவோடு தவாவும், பிரார்த்தனையோடு மருந்தும் என்று மனநல மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தம்மா பையைத் துழாவினார். அடியில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஓரம் கசங்கி.

தூக்கிப் போடாமல்தான் வைத்திருந்திருக்கிறார்.