ஈப்பர் துணி மண்டபம்: ஒரு சுவருக்கு இரண்டு வயது

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்துச் சந்தைத் திடலில் நின்றபோது, எதிரே இருந்த துணி மண்டபத்தை ஒரே பார்வையில் அடக்க முடியவில்லை. முகப்பின் நீளம் 125 மீட்டர், நடுவே எழும் மணிக்கூண்டின் உயரம் 70 மீட்டர். இத்தனையும் கம்பளித் துணி விற்பதற்காகக் கட்டிய அங்காடி என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஆட்டு ரோமத்தைத் துணியாக நெய்து, ஐரோப்பாவின் சந்தைகளுக்கு அனுப்பிச் செழித்த ஊர் இது. 13ஆம் நூற்றாண்டில் வளர்ந்த மண்டபத்தின் முக்கியப் பகுதி 1304இல் நிறைவடைந்தது. இன்று தெருவுக்கு அடியில் மறைந்து ஓடும் ஈப்பர்லே ஆறு அப்போது மண்டபத்தை ஒட்டியே ஓடியதால், படகுகள் வாசலுக்கே வந்து சரக்கை ஏற்றி இறக்கின. தரைத்தளத்தில் வரிசையாகக் கதவுகளும், மேல்தளத்தில் கூர்முனை வளைவுச் சன்னல்களும், அவற்றுக்கு இடையிடையே சிலை மாடங்களும் அமைந்துள்ளன. துணிக்கு வரும் எலிகளுக்காகப் பூனைகள் வளர்த்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். அந்தப் பூனைகளை மணிக்கூண்டிலிருந்து வீசும் கொடிய வழக்கமும் 1817 வரை இருந்தது. இப்போது திருவிழாவில் பொம்மைப் பூனைகளை வீசுகிறார்கள்.

ஆனால் நான் அண்ணாந்து பார்த்த சுவரில் பெரும்பகுதி இடைக்காலத்தது அன்று. மணிக்கூண்டில் பழுதுபார்ப்புக்கான சாரம் கட்டியிருந்த நிலையில், 1914 நவம்பர் 22 அன்று ஜெர்மானியப் பீரங்கிக் குண்டுகளால் மண்டபம் தீப்பற்றியது; போர் முடிந்தபோது எஞ்சியவை இடிந்த சுவர்களும் கோபுரத்தின் அடிக்கட்டையுமே. அந்த இடிபாடுகளை நினைவுச்சின்னமாக அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சர்ச்சில் விரும்பினார். வெளியூர்க்காரர் அப்படிக் கேட்கலாம். அங்கேயே குடியிருக்க வேண்டியவர்கள் எப்படிச் சம்மதிப்பார்கள்? கோமன்ஸ், பவெல்ஸ் என்னும் கட்டடக்கலைஞர்களின் மேற்பார்வையில், பழைய வடிவத்திலேயே மண்டபம் மீண்டும் எழுந்து 1967இல் நிறைவுற்றது. அதற்காக இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் கட்டியவர்கள் தங்கள் காலத்தை மறைக்கவில்லை: மைய வாயிலுக்கு மேலே, 12ஆம் நூற்றாண்டு இறுதியில் வாழ்ந்த பிளாண்டர்ஸ் என்னும் இப்பகுதியின் கோமகன் பால்டுவினுக்கும் அவர் மனைவிக்கும் துணையாக, மறுகட்டுமானம் தொடங்கியபோது ஆண்ட முதலாம் ஆல்பர்ட் மன்னரும் எலிசபெத் அரசியும் சிலைகளாக நிற்கிறார்கள்.

துணி விற்ற கூடத்தில் 1998இலிருந்து முதல் உலகப்போர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அதைப் பார்த்து முடித்து, 231 படிகளில் மூச்சிரைக்க மணிக்கூண்டு ஏறினேன். 1914 அக்டோபரில் இந்தியப் படைவீரர்களும் வந்து போரிட்ட தெற்குப் பக்கத்து வயல்கள், அங்கிருந்து பார்க்கையில் ஒரு மேடு பள்ளம்கூடத் தெரியாத வெறும் பச்சையாக இருந்தன.