எம்.ஏ. ஃபிலிம் தியரி: சவுண்ட் யூனிட்டை இப்படிப் படிங்க

சவுண்ட் யூனிட்டுன்னாலே நம்ம பக்கத்துப் பிள்ளைய டயஜெட்டிக் (கதைக்குள்ள இருக்கவங்களுக்கும் கேக்குத சத்தம்), நான்-டயஜெட்டிக் (பின்னணி இசை மாதிரி, பாக்குத நமக்கு மட்டும் கேக்குதது)னு ரெண்டு டெஃபினிஷனை மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சை ஹாலுக்குள்ள போயிருதாங்க, பெரிய கேள்வி வந்தா அது காணவே காணாது. மெயின் புக்கு, சினிமா சத்தத்தப் பத்தி எழுதுத பிரெஞ்சுக்காரரு மிஷேல் ஷியோனோட 'ஆடியோ-விஷன்', பிரெஞ்சுல 1990, இங்கிலீஷ்ல 1994. ஆனா அத முதல் பக்கத்துலேந்து ஆரம்பிக்காதீங்க, அதுல மாஸ்கிங்னு ஒரு முறை சொல்லுதாரு, அத செஞ்சு பாத்துட்டு பொறவு படிங்க, அப்பந்தான் மண்டைல நிக்கும்.

பெரிய வித்தையெல்லாம் இல்ல. ஒரு சீனை சத்தத்தோட பாக்கணும், அடுத்து ம்யூட் போட்டு படத்த மட்டும், பொறவு ஸ்க்ரீன் மேல துண்டப் போட்டு மூடிட்டு சத்தத்த மட்டும். நான் 'கொட்டுக்காளி' (2024) எடுத்துக்கிட்டேன், அதுல பின்னணி இசையே கிடையாதுல்லா, ஒளிஞ்சுக்க எடமில்ல. துண்டப் போட்டு மூடுனதும் ஆட்டோ எஞ்சின் கேக்கு, ஆம்பளைய பேசுதது கேக்கு, ஆனா கதையே யாரச் சுத்தி நடக்கோ அந்த மீனாவக் காணோம், ஏன்னா அவ பேசுததே அபூர்வம். துண்ட எடுத்தா ஃப்ரேம்ல அவதான் கனமா உக்காந்திருக்கா! சினிமா சத்தத்துல மனுசக் குரலுக்குத்தான் முதல் இடம்னு ஷியோன் சொல்லுத வோகோசென்ட்ரிசம் எனக்கு அங்கதான் வெளங்குச்சு, குரல் இல்லாத ஒருத்திய வச்சு.

அடுத்து மூணு வகைக் கேட்டல்: காசல், செமான்டிக், ரெட்யூஸ்டு. இதுக்கு நம்ம புது பஸ் ஸ்டாண்டு போதும். கண்டக்டர் 'தென்காசி தென்காசி தென்காசீ'ன்னு கூப்புடுதாரா, பஸ் எங்க போகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா செமான்டிக், கூப்புடுதது யாரு, எந்தப் பக்கத்துலேந்துன்னு தேடுனா காசல், ஊரையும் ஆளையும் விட்டுட்டு அந்தக் கடைசி 'சீ' எப்படி ஏறி இழுபடுதுன்னு மட்டும் கேட்டா ரெட்யூஸ்டு. மூணாவதுதான் கஷ்டம், அது பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர்ட்டேந்து வந்த கருத்து, ஆன்சர்ல அவரு பேரையும் போட்டுருங்க. தினமும் கொஞ்ச நேரம் கண்ண மூடி நின்னு கேட்டுப் பாருங்களேன்.

வரலாறுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். 1928-ல சோவியத் டைரக்டருங்க ஐசன்ஸ்டீன், புடோவ்கின், அலெக்சாந்த்ரோவ் மூணு பேரும் விட்ட அறிக்கை முக்கியம், சத்தம் படத்துக்கு ஒத்து ஊதக் கூடாது, எதிரா நிக்கணும்னு கேட்டாங்க. பொறவு 1931-ல வந்த ஃப்ரிட்ஸ் லாங்கோட ஜெர்மன் படம் 'எம்', அதுல கொலகாரன் அடிக்க விசிலை வச்சு கண்ணு தெரியாத பலூன்காரர் அவன அடையாளம் கண்டுக்கிடுவாரு. ஆள் தெரியாம சத்தம் மட்டும் வார அக்குஸ்மாடிக்குக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நேரம் கெடச்சா அமெரிக்க ஃபிலிம் தியரிஸ்ட் மேரி ஆன் டோன் 1980-ல எழுதுன 'தி வாய்ஸ் இன் தி சினிமா' கட்டுரைய விட்டுராதீங்க, குரலுக்கும் ஒடம்புக்கும் என்ன ஒறவுன்னு கேக்குத கட்டுரை. ஷியோன ஒரு பக்கமும் டோன ஒரு பக்கமும் வச்சு மீனாவோட மவுனத்த எழுதுங்க, திருத்துதவங்க நின்னு வாசிப்பாங்க.