கடிக்கக் கூடாது, சரிங்க. அப்ப என்ன பண்ணோணும்?

கோவை, திருப்பூர் பக்கம் வீடு வீடாகப் போய் நாய்க்குட்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பொள்ளாச்சி, பல்லடம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீடுகளுக்கும் போவேன், சரவணம்பட்டி அடுக்குமாடிகளுக்கும் போவேன். போனில் வருகிற முதல் பேச்சு எங்கேயும் ஒன்றுதான்: "ஏனுங்க, இந்தக் கடிக்கிறதை நிறுத்திக் குடுக்க முடியுங்களா?" சில வீட்டில் அது மேலே தாவுவதாக இருக்கும், சில வீட்டில் ஹாலில் ஒன்றுக்குப் போவதாக இருக்கும். எதுவானாலும் நிறுத்த வேண்டும். "சரிங்க, கடிக்க வேண்டாம். அப்ப அந்த நேரத்துல அது என்ன பண்ணோணும்?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. பயிற்சி முழுக்க அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று இத்தனை வருட வேலைக்குப் பிறகு உறுதியாக நம்புகிறேன். 'செய்யாதே' என்பதைக் குட்டியால் செய்து காட்ட முடியாது. அதற்கு மாற்றாக ஒன்றைக் காட்டிக் கொடுத்தால் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

கடிப்பதையே எடுத்துக்கொள்வோம். குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்றாவது வாரவாக்கில் முளைக்க ஆரம்பித்து, நான்காவது மாதவாக்கில் விழத் தொடங்கும். ஏழாவது மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் 42-ம் வந்துவிடும். அதுவரை ஈறு அதைச் சும்மா இருக்க விடாது. கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போய்விடும். எவ்வளவு அழுத்தலாம் என்பது அங்கேதான் பிடிபடுகிறது. ஒரு மாதத்திலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரும் குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுபோகும். எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும் என்று, வாங்கும் முன் கேட்கிறவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

அவினாசி பக்கம் ஒரு வீட்டில் லேப்ரடார் குட்டி. குட்டி காலைப் பிடித்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், அது துரத்தும். குட்டிக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு ஏது? அப்பாரு, அதாவது தாத்தா, செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ஒன்று வைப்பார். அவர் கையைக் கண்டு பதுங்கக் கற்றிருந்ததே தவிர, கடிப்பதை விடவில்லை. அந்த வீட்டில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. நீளமான துண்டுகளைக் கெட்டியாகப் பின்னி, இரண்டு முனையிலும் பெரிய முடிச்சுப் போட்டு, நனைத்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னேன். பல் பட்டதும் யாராக இருந்தாலும் அசையாமல் நின்று அந்தத் துணியை நீட்ட வேண்டும். கவ்வினால் விளையாட்டு தொடரும். மறுபடி கையைத்தான் பிடிக்கிறது என்றால் எழுந்து வெளியே போய், அரை நிமிடம் கழித்துத் திரும்பி வர வேண்டும். சின்னவள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். "அப்பாரு, அசையாம நில்லுங்க, அப்பத்தான் அது உடும்" என்று அவருக்கே சொல்லிக் கொடுத்தாள்.

துணியில் நூல் பிரிய ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், விழுங்கினால் குடலில் சிக்கும். தூக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு நாளில் 18 மணி நேரம் போலத் தூங்குகிற வயது அது. பொழுது சாய்ந்ததும் கண்டபடி கடிக்கிற பல குட்டிகள் தூங்க வைத்தாலே அடங்கிவிடும். பல் பட்டுத் தோல் கீறினால் குட்டிதானே என்று விடவே கூடாது. 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டாக வேண்டும்.

ஒன்றுக்குப் போகும் விஷயத்தில் 'பதிலுக்கு என்ன' என்பது இன்னும் தெளிவு: எங்கே போக வேண்டும் என்று ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாடி முடித்ததும் அங்கே கூட்டிப் போங்கள். எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் பகலில் அது அதிகபட்சம் தாங்குவது. மூன்று மாதக் குட்டி என்றால் நான்கு மணி நேரம். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் பகலில் ஒரு ஆள் வந்து கூட்டிப் போகாமல் இது நடக்காது. இதை நான் ஒளித்துப் பேசுவதில்லை. வெளியே போய் முடித்த அந்த நொடியில், அந்த இடத்திலேயே, பொட்டுக்கடலை அளவு வேக வைத்த கோழித் துண்டு ஒன்று. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் அதற்குப் படும். ஹாலில் போய்விட்டால் பினாயில் போட்டுத் துடைப்பது நம் மூக்குக்குத்தான் உதவும், நாய்க்கு அந்த வாசம் அப்படியே இருக்கும். என்சைம் கலந்த கிளீனர் வாங்கித் துடைப்பது நல்லது.

மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "தப்புப் பண்ணுனது அதுக்கே தெரியுதுங்க, மூஞ்சியப் பாருங்க" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார். தப்புச் செய்ததா இல்லையா என்பதோடு அந்த முகத்துக்குச் சம்பந்தமில்லை. திட்டு வாங்கும்போதுதான் அந்த முகம் அதிகமாக வந்தது. தேய்ப்பு வாங்கிய குட்டி, நாம் பார்க்காத நேரம் பார்த்து சோபாவுக்குப் பின்னால் போகப் பழகிக்கொள்ளும்.

மேலே தாவுவதற்கு மருந்து எளிது: தாவினால் முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள், நான்கு காலும் தரையில் இருக்கும்போது குனிந்து கொஞ்சுங்கள். "பரவால்லைங்க, தாவட்டும்" என்கிற விருந்தாளியைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

தோட்டங்களில் பிரச்சினை வேறு. "நாயின்னாக் கட்டித்தானுங்க போடோணும், அப்பத்தான் காவலுக்கு ஆகும்" என்று ஒரு பெரியவர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். இதை நான் எந்த வீட்டிலும் ஒத்துக்கொண்டதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் தாண்டும் வரை குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, அதுவெல்லாம் அதற்கு ஊர் உலகம். அந்த வயதைச் சங்கிலியில் கழித்த நாய்க்குத் தேங்காய் போட வருகிறவரும் திருடனும் ஒன்றுதான். பயத்தில் பாய்வதைக் காவல் என்று சொல்ல முடியாது. தடுப்பூசி முடியும் முன் தரையில் விட்டால் பார்வோ வைரஸ் நோய் வருமே என்று கேட்பது நியாயம். முதல் ஊசி போட்ட பிறகு, கையில் தூக்கிக்கொண்டு சந்தை, பஸ், டிராக்டர், மாடு எல்லாவற்றையும் காட்டலாம்.

கோழியைத் துரத்துவதும் தோட்டத்துப் புகார்தான். ஒரு தடவை துரத்திப் பிடித்துவிட்டால் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக நம்மிடம் எந்தத் தீனியும் கிடையாது. ஆகவே முதலில் துரத்த வாய்ப்பே கொடுக்கக் கூடாது. நீளக் கயிற்றில் பிடித்து, கோழி கண்ணில் படுகிற, ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் காதில் விழுகிற தூரத்தில் நிற்க வேண்டும். நம் பக்கம் திரும்பிய உடனே ஒரு துண்டு. நாளாக நாளாகத் தூரத்தைக் குறைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், அதுவரை கயிறு இல்லாமல் விட வேண்டாம்.

கடைசியாகப் போகும் நாளில் எல்லா வீட்டிலும் ஒன்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். ஆறாவது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை, கற்றதெல்லாம் மறந்துபோன மாதிரி நடக்கும். கூப்பிட்டால் வராது, மறுபடி தாவும். வளர்கிற வயது, கடந்துபோகும். "இது தேறாது" என்று சங்கிலியை எடுப்பதும், கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு வருவதும் அந்த மாதங்களில்தான் நடக்கிறது. அந்தச் சமயத்தில் முதல் வாரத்தில் செய்ததையே திரும்பச் செய்யுங்கள், முடியாவிட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள், வருகிறேன்.