இடாப்பு கையில இருந்தா போதும்

எங்க ஆபீஸ் சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மாடி வீட்ல இருக்கு, வேலை ரெண்டு விதம், ஒண்ணு மாவட்டத்துல இருக்கற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்ல வயசானவங்க சொல்றத ரெக்கார்ட் பண்ணி எழுதி வைக்கறது, இன்னொண்ணு ஸ்கூல் காலேஜ் டீச்சர்களுக்கு இனப்படுகொலைன்னா என்ன, அது வர்றதுக்கு முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கறது, கண்டா யாரப் போய் கேக்கறதுன்னு ட்ரெய்னிங் குடுக்கறது. ட்ரெய்னிங்க பெரும்பாலும் ஏற்காட்ல வச்சுருவோம், ராத்திரி தங்கற மாதிரி. சேலத்துலயே வச்சா சாயந்திரம் ஆனதும் ஆத்தூர் பஸ், மேட்டூர் பஸ்னு பாதிப்பேரு கெளம்பிருவாங்க, மனசுல பாரமா இறங்கற விஷயத்த அப்படி அவசரமா பேசிட்டு அனுப்பறது எனக்கு சரின்னு படல.

முகாம்ல பதிவு பண்ற வேலைதான் எனக்கு எல்லாத்தையும் கத்துக்குடுத்துச்சு. போனதும் ரெக்கார்டர எடுக்கக்கூடாது, டீ குடிச்சு, பேரப்புள்ளைங்க என்ன படிக்குதுன்னு கேட்டு, எதுக்கு வந்திருக்கோம், இது எங்க போகும், பேரு வெளிய வராதுன்னு எல்லாம் புரியற மாதிரி சொல்லி, அவங்க சரின்னு சொன்னப்புறம்தான். வேண்டாம்னா வேண்டாம். பாதில நிறுத்தணும்னாலும் நிறுத்திரணும். "ஆர்மிக்காரன் சுட்டானா"ன்னு பதில நாமளே எடுத்துக்குடுக்கற மாதிரி கேக்கக்கூடாது, "அப்பறம் என்ன நடந்துச்சுங்க அம்மா"ன்னு மட்டும்தான் கேக்கணும். கண்ணால பார்த்தது தனியா, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டது தனியா எழுதணும். தேதி ஞாபகம் வரலன்னா தைப்பொங்கலுக்கு முன்னயா பின்னயா, பையன் அப்ப எத்தனையாவது படிச்சான், மழைக்காலமான்னு சுத்தி சுத்தி கேட்டு பக்கத்துல போகணும். ஒருத்தர் அழுதாரு, நானும் அழுதேன்னு எழுதறது பதிவு ஆகாது. நாளைக்கு ஒரு கோர்ட்டு இத எடுத்துப் படிச்சா நிக்கணும், அந்தக் கணக்குலதான் ஒவ்வொரு வரியும் எழுதறோம்.

1983 ஜூலைல, தமிழர்கள தேடித்தேடி தாக்கின கறுப்பு ஜூலை கலவரத்தப்ப, கொழும்புல வெள்ளவத்தைல இருந்த ஒரு ஐயா எங்ககிட்ட பேசினாரு. தீய பத்தி, கடை எரிஞ்சத பத்தி கொஞ்சமாதான் சொன்னாரு. திரும்பத் திரும்ப வந்து நின்னது ஒரு பேப்பர்கிட்ட. "இடாப்பக் கையில வச்சுக்கொண்டுதான் வந்தவங்கள் பிள்ளை, எங்கட வீட்டு நம்பரப் பார்த்துப்போட்டுத்தான் கேற்றத் தள்ளினவங்கள்." இடாப்புன்னா வாக்காளர் பட்டியல். கறுப்பு ஜூலைல கும்பல் கையில வாக்காளர் பட்டியல் இருந்துச்சுங்கறத அப்ப தப்பிச்ச பலபேரு சொல்லியிருக்காங்க. கோவத்துல கெளம்பின கும்பலுக்கு எந்த வீடு யாருதுன்னு தெரியாது, யாரோ ஒரு ஆபீஸ்ல இருந்து எடுத்துக் குடுத்தாதான் தெரியும். அந்த ஐயா இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கறதும் அதத்தான், அத யாரு எடுத்துக் குடுத்தான்னு.

இதுக்கப்பறம் ஆப்பிரிக்காவுல ருவாண்டால ஹுட்டு தீவிரவாதிங்க துட்ஸி இனத்த கொன்னத பத்தி டீச்சர்களுக்கு சொல்றப்ப நான் ஆரம்பிக்கற இடமே மாறிருச்சு. முன்னாடி 1994 ஏப்ரல்ல ஆரம்பிப்பேன், 100 நாள், 8 லட்சம் பேருக்கு மேலன்னு. இப்ப 1930கள்ல ஆரம்பிக்கறேன், பெல்ஜியம்காரங்க ஆண்டப்ப ஒவ்வொருத்தர் அடையாள அட்டையிலயும் ஹுட்டு, துட்ஸின்னு போட்டுக் குடுத்தாங்க, வெள்ளைக்காரன் போனப்பறமும் அந்த வழக்கம் போகல, 1994ல ரோட்டு மறியல்ல நிறுத்தி அந்த அட்டையப் பார்த்துத்தான் வெட்டினாங்க. 1993 ஜூலைல ஹுட்டு தீவிரவாதிங்களோட ஆர்.டி.எல்.எம். ரேடியோ வந்துச்சு, நல்ல பாட்டு போடும், ஜோக் சொல்லும், நடுவுல துட்ஸிகள கரப்பான்பூச்சின்னு சொல்லும், ஜனங்க சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. 1994 ஜனவரி 11ஆம் தேதி அங்க இருந்த ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர் நியூயார்க்குக்கு தந்தி அனுப்பறாரு, தலைநகர் கிகாலில இருக்கற துட்ஸி எல்லாரையும் பட்டியல் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்குன்னு ஹுட்டு ஆயுதக் கும்பலுக்கு உள்ள இருக்கற ஆள் ஒருத்தன் சொல்றான், கொல்றதுக்குத்தான்னு அவன் சந்தேகப்படறான், ஆயுதம் பதுக்கின இடமும் தெரியும், போய் புடிக்கப் போறேன்னு. வேண்டாம்னு பதில் வந்துச்சு. கொலை ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல பாதுகாப்பு கவுன்சில் அங்க இருந்த படைய 270 பேரா குறைக்க முடிவு பண்ணுச்சு. இங்கயும் பட்டியல்தான். தெரியாம நடந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது.

ட்ரெய்னிங்ல 1948 டிசம்பர் 9ஆம் தேதி ஐ.நா. ஏத்துக்கிட்ட இனப்படுகொலை தடுப்பு உடன்படிக்கைய தமிழ்ல அடிச்சுக் குடுத்து வரிவரியா படிக்கச் சொல்லுவோம். கொலை மட்டும்தான்னு நெனச்சு வர்றவங்க அங்க நின்னுருவாங்க. உடம்புக்கோ மனசுக்கோ கடுமையா கெடுதல் பண்றது, உசுரோட இருக்கவே முடியாத நிலைமைய வேணும்னே உண்டாக்கறது, பொறப்பத் தடுக்கறது, புள்ளைங்கள புடுங்கி வேற கூட்டத்துக்கிட்ட குடுக்கறது, இதுவும் அதுல வரும். எதுவா இருந்தாலும் ஒரு தேசிய, இன, மதக் கூட்டத்த முழுசாவோ ஒரு பகுதியாவோ அழிக்கணும்ங்கற நோக்கத்த நிரூபிக்கணும், அங்கதான் வழக்கு எல்லாம் திணறும். அந்த நோக்கம் தெரியறது எதுலன்னு பார்த்தா பெரும்பாலும் முன்னாடி பேசின பேச்சுலயும் எடுத்த லிஸ்ட்லயும் போட்ட உத்தரவுலயும்தான். அதனாலதான் சின்னச் சின்ன பேப்பர்கூட முக்கியம்னு டீச்சர்கள்கிட்ட கெஞ்சாத குறையா சொல்றேன்.

ஒரு வரலாறு டீச்சர் எழுந்து கேட்டாங்க, "இனப்படுகொலைன்னு கோர்ட்டே தீர்ப்பு சொல்லல மேடம், நாம எப்படி வாயத் தொறக்கறது?" நல்ல கேள்வி, பயந்து கேட்டது இல்ல, பொறுப்பா கேட்டது. 2007ல சர்வதேச நீதிமன்றம் போஸ்னியா வழக்குல இதுக்கு பதில் சொல்லிருச்சு. போஸ்னியாவுல ஸ்ரெப்ரனிட்சாங்கற ஊர்ல 1995 ஜூலைல போஸ்னிய செர்பு படை 8,000 பேருக்கு மேல முஸ்லிம் ஆம்பளைங்க, பையனுங்கள கொன்னதுக்கு செர்பியா நேரடியா பொறுப்புன்னு சொல்லல, ஆனா தடுக்கற கடமைய அது மீறிருச்சுன்னு சொல்லுச்சு. அந்தக் கடமை எப்ப ஆரம்பிக்குதுன்னா, ஆபத்து பெருசா இருக்குன்னு தெரிய வந்த அந்த நேரத்துலயே, தெரிஞ்சிருக்க வேண்டிய நேரத்துலயே. தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருந்தா தடுக்கறதுக்கு அங்க யாரும் உசுரோட இருக்க மாட்டாங்க. 2009ல இலங்கைப் போர் முடியறப்ப வன்னில என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும், கடைசி கட்டத்துல 40,000 பேரு வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011ல, நாங்க தவறிட்டோம்னு ஐ.நா.வோட உள்விசாரணை ஒத்துக்கிட்டது 2012ல. ஆனா ஆப்பிரிக்காவுல இருக்கற காம்பியா மாதிரி சின்ன நாடு, மியான்மரோட எந்த எல்லையும் இல்லாத நாடு, அங்க இருக்கற ரோஹிங்கியா முஸ்லிம்களுக்காக 2019ல மியான்மர் மேல அதே நீதிமன்றத்துல கேஸ் போட்டு 2020 ஜனவரில இடைக்கால உத்தரவும் வாங்குச்சு. நமக்கு என்ன சம்பந்தம்னு அது கேக்கல.

எல்லாரும் தலையாட்டிக்கிட்டே வர்ற எடம் இது வரைக்கும்தான். அடுத்து அவங்கவங்க போன்ல இருக்கற வாட்சப் குரூப்ல ஒரு கூட்டத்தயே பூச்சி, கிருமி, ஒட்டுண்ணின்னு சொல்ற மெசேஜ் இருந்தா எடுங்கன்னு சொல்லுவோம். எடுக்கறதுல வடக்க இருந்து வந்து நம்மூரு கட்டடத்துலயும் ஓட்டல்லயும் வேலை பார்க்கற பசங்கள பத்தி நெறைய வரும், முஸ்லிம்கள பத்தி வரும். சிலபேருக்கு கோவம் வந்துரும், "எங்க இனத்துக்கு நடந்ததையும் இதையும் ஒண்ணாக்கறீங்களா"ன்னு. ஒண்ணாக்கல. சேலத்துல இனப்படுகொலை நடக்கப்போகுதுன்னும் சொல்லல. மனுசன பூச்சியாக்கற பேச்சு நம்ம வாயில வந்தாலும் அதே பேச்சுதான்னு சொல்றேன், வன்னில செத்தவங்களுக்காக மே மாசம் மெழுகுவத்தி ஏத்தறவங்க அத கேக்க மறுக்கறப்ப எனக்கு நெஜமாவே வலிக்குது. அந்த மெசேஜுக்கு கீழ "இது தப்பு, எடுத்துருங்க"ன்னு போட ஒரு ஆளு இருந்தா குரூப் சட்டுனு அமைதியாகறத பல டீச்சர்கள் திரும்பி வந்து சொல்லியிருக்காங்க.

இன்னொரு வேலை எங்களுக்கு பாக்கி இருக்கு. இந்தியா அந்த உடன்படிக்கைய 1959லயே உறுதி பண்ணிருச்சு, ஆனா உள்நாட்டுல இனப்படுகொலைக்குன்னு ஒரு சட்டம் இன்னிக்கு வரைக்கும் இல்ல. 2018 டிசம்பர் 17ல, 1984 சீக்கியர் படுகொலை வழக்குல டெல்லி ஹைகோர்ட்டு, நீதிபதி எஸ். முரளிதர் இருந்த பெஞ்ச், இந்த ஓட்டைய அவசரமா அடைக்கணும்னு எழுதினாங்க. 2024 ஜூலைல புது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்துச்சு, அதுலயும் இல்ல. அதனால டீச்சர்களும் முகாம் ஆளுங்களும் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கிட்டு இருக்கோம், தனி சட்டம் வேணும், தூண்டிவிடற பேச்சும் அதுல குற்றமா வரணும், வாக்காளர் பட்டியல், ரேஷன் பட்டியல்னு அரசாங்கத்துக்கிட்ட இருக்கறத ஒரு கூட்டத்துக்கு எதிரா எடுத்துக் குடுத்த அதிகாரியும் தண்டனைக்கு வரணும்னு. கடைசியா சொன்னது அந்த ஐயா கேட்டு வச்சது. டிசம்பர் 9க்கு முன்னாடி தமிழ்நாட்டு எம்.பி.க்கள் எல்லாருக்கும் அது போயிரணும், கையெழுத்து வாங்கற வேலை ஆத்தூர், ஓமலூர் பக்கம் இன்னும் பாக்கி.